ராட்சத ரோபோவின் கையில் கோடரி: நெருக்கச் சண்டையை நம்பும்படி செய்ய முடியுமா?

கேள்வி

வணக்கம். நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக ஒரு வீடியோ கேமை உருவாக்கி வருகிறோம். 15 மீட்டர் உயரமும் 50 டன் எடையும் கொண்ட, உள்ளே ஒருவர் அமர்ந்து ஓட்டும் ரோபோக்கள் இடிந்துபோன ஒரு நகரத்தில் மோதிக்கொள்கின்றன. ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு பீரங்கியும் ஒரு கோடரியும் உண்டு. அந்தக் கோடரியை வடிவமைத்து, அசைவூட்டி, ஒலி சேர்த்து முடிக்க எங்களுக்கு நான்கு மாதங்கள் பிடித்தன.

ஆனால் விளையாடிப் பார்த்தவர்களில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பீரங்கி 800 மீட்டர் வரை குறி தவறாமல் சுடுகிறது. ரோபோ மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் அந்தத் தூரத்தைக் கடக்க 48 நொடிகள் ஆகும். எதிரி நான்கு நொடிக்கு ஒருமுறை சுடுவதால், கோடரியோடு ஓடுபவர் பன்னிரண்டு குண்டுகளை வாங்கிய பிறகுதான் அருகில் போய்ச் சேர முடியும். ஐந்தாவது குண்டிலேயே அவர் கதை முடிந்துவிடுகிறது.

கோடரியை எடுத்துவிடலாம் என்கிறார் நண்பர். பீரங்கி கண்டுபிடிக்கப்பட்ட உலகில் எந்தப் பொறியாளரும் 50 டன் இயந்திரத்துக்குக் கோடரி செய்து தரமாட்டார் என்பது அவர் வாதம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்ல என்னிடம் காரணமும் இல்லை. “விளையாட்டுதானே, பார்க்க நன்றாக இருந்தால் போதும்” என்ற பதில் எனக்கு உதவாது. எந்தச் சூழ்நிலையில் அந்த இயந்திரத்தின் ஓட்டுநர் அறிவோடு யோசித்து, சுடுவதை விட்டுவிட்டுக் கைகலப்பைத் தேர்ந்தெடுப்பார் என்பதே என் கேள்வி.

மறுமொழி 1

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. கோடரி கவசத்தைப் பிளக்கும் என்று நினைத்தால் அது தோற்றுவிடும். ஆனால் கோடரியின் வேலை கவசத்தைப் பிளப்பதுதானா என்பதை முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எண்களை வைத்தே பார்ப்போம். இன்றைய டாங்கிகள் சுடும் துளைக்கும் தண்டு சுமார் 5 கிலோ எடையும் நொடிக்கு 1,600 மீட்டர் அளவிலான வேகமும் கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இயக்க ஆற்றல் 6.4 மெகாஜூல். உங்கள் ரோபோவின் கோடரியும் அதை வீசும் கையின் ஒரு பகுதியும் சேர்ந்து 3 டன் என்றும், மோதும்போது வேகம் நொடிக்கு 20 மீட்டர் என்றும் கொண்டால், அதன் ஆற்றல் 0.6 மெகாஜூல்தான். பீரங்கிக் குண்டைவிடப் பத்து மடங்கு குறைவு. அதோடு, குண்டு தன் முழு ஆற்றலையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளியில் இறக்குகிறது. கோடரியோ அதை நீளமான ஒரு விளிம்பில் பரப்பிவிடுகிறது. ஆகவே துளைப்பதில் கோடரி பீரங்கியின் அருகில்கூட வர முடியாது.

இப்போது உந்தத்தைக் கணக்கிடுங்கள். நிறையை வேகத்தால் பெருக்கினால் குண்டுக்கு 8,000 அலகுகள் வருகின்றன, கோடரிக்கு 60,000. ஏழரை மடங்கு அதிகம். இரண்டு கால்களில் நிற்கும் உயரமான ஒரு பொருளுக்கு இதுதான் உண்மையான ஆபத்து.

உங்கள் 50 டன் ரோபோவின் நிறை மையம் தரையிலிருந்து 8 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், கால்களை நன்றாக அகட்டி நிற்கும்போது அந்த மையத்துக்கும் பாதத்தின் பின் விளிம்புக்கும் இடையே 2 மீட்டர் இடைவெளி இருப்பதாகவும் கொள்வோம். அதைப் பின்னால் சாய்க்க வேண்டுமானால் நிறை மையத்தைச் சுமார் 25 சென்டிமீட்டர் உயர்த்தியாக வேண்டும். அதற்கு ஏறத்தாழ 120 கிலோஜூல் தேவை. 12 மீட்டர் உயரத்தில், அதாவது தோளில், கோடரி விழுந்தால் ரோபோவின் உடல் பெறும் சுழற்சி ஆற்றல் என் தோராயக் கணக்கில் 60 கிலோஜூல். தடுமாறும், ஆனால் விழாது. அதே ரோபோ நடந்துகொண்டிருந்தால் நிலைமை மாறுகிறது. ஒரு கால் காற்றில் இருக்கும்போது அந்த 2 மீட்டர் இடைவெளி 1 மீட்டராகக் குறைந்தாலே, தேவையான ஆற்றல் 30 கிலோஜூலுக்கு இறங்கிவிடுகிறது. அதே அடி இப்போது அதைக் கவிழ்த்துவிடும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கும் அந்த நொடிக்காகத்தான் கோடரி காத்திருக்கிறது. இதே இடத்தில் பீரங்கிக் குண்டு தரும் சுழற்சி ஆற்றல் 2 கிலோஜூலுக்கும் குறைவு என்பதையும் கவனியுங்கள். குண்டு துளைத்துக்கொண்டு போகும், தள்ளாது.

விழுந்தால் என்ன ஆகும்? வெட்டிய மரம் போல 15 மீட்டர் ரோபோ சாயும்போது தலை நொடிக்கு 21 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 11 மீட்டர் உயரத்தில், நெஞ்சுப் பகுதியில் ஓட்டுநர் அமர்ந்திருந்தால் அவர் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறார். கவசத்தில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டுநர் மயங்கிக் கிடக்கலாம். பொறியாளர் கோடரி செய்து தருவதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து. அவர் அதைக் கூர்மையாகச் செய்யமாட்டார், கனமாகச் செய்வார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உயரம் பத்து மடங்கானால் எலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்கும் எடை ஆயிரம் மடங்கும் ஆகும் என்ற உண்மையைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். அசைவின் கால அளவோ உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து நீளும். மனிதரைவிட எட்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலான உயரமுள்ள உங்கள் ரோபோவின் இயல்பான நடையும் வீச்சும் மனிதருடையதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நேரம் எடுக்க வேண்டும். திரைப்படங்களில் சிறு மாதிரிகளைப் படம்பிடித்துப் பெரியவையாகக் காட்டும்போது கேமராவின் வேகத்தைக் கூட்டுவதும் இதே விதிப்படிதான். உங்கள் அசைவூட்டத்தில் கோடரி மனித வேகத்தில் சுழன்றால், பார்ப்பவர் கண் அந்த ரோபோவைப் பொம்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

மறுமொழி 2

முன்னவர் இயற்பியலைச் சொல்லிவிட்டார். நான் வரலாற்றைச் சொல்கிறேன். துப்பாக்கி வந்த பிறகு மோதல் ஒழிந்தது என்பது நேர்கோட்டில் நடந்த கதை அல்ல. கவசம் பீரங்கியை முந்திய காலங்களில் எல்லாம் மோதல் திரும்பி வந்திருக்கிறது.

1866 ஜூலை 20 அன்று ஏட்ரியாட்டிக் கடலில் லிஸ்ஸா தீவருகே ஆஸ்திரியக் கடற்படையும் இத்தாலியக் கடற்படையும் மோதின. இரும்புக் கவசம் பூண்ட கப்பல்கள் அப்போது புதியவை. ஒன்றையொன்று நெடுநேரம் சுட்டும் பீரங்கிகளால் கவசத்தைத் தோற்கடிக்க முடியவில்லை. ஆஸ்திரியத் தளபதி டெகெட்டோஃப், தம் கொடிக்கப்பலான ஃபெர்டினாண்ட் மாக்ஸை நேராகச் செலுத்தி இத்தாலியின் ரே டி இத்தாலியா மீது மோதினார். அது சில நிமிடங்களில் மூழ்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் வரை உலகின் பெரிய கடற்படைகள் போர்க்கப்பல்களின் முன்பகுதியில் இடிமுனை வைத்தே கட்டின. அறிவுள்ள பொறியாளர்கள்தான் அவற்றை வடிவமைத்தார்கள்.

உங்கள் விளையாட்டுக்குத் தேவையான நுணுக்கம் இனிமேல்தான் வருகிறது. ரே டி இத்தாலியா மோதலை வாங்கியபோது அதன் சுக்கான் ஏற்கெனவே பழுதாகி, அது விலகிப்போக முடியாத நிலையில் இருந்தது. நன்றாக ஓடும் கப்பலை இடிப்பது மிகக் கடினம். அதாவது பீரங்கி முதலில் எதிரியின் நடமாட்டத்தை முடக்க வேண்டும். பிறகுதான் மோதல் அதை முடிக்கும். பீரங்கியா கோடரியா என்று நீங்களும் நண்பரும் வாதிடுகிறீர்கள். இவை ஒன்றன் பின் ஒன்றாக வர வேண்டியவை.

தரைப்போரிலும் இதையே பார்க்கலாம். 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசத்தை வாள் வெட்டவில்லை. எனவே வீரர்கள் நீண்ட பிடியுள்ள கோடரிச் சம்மட்டியால் எதிரியை அடித்து நிலைகுலையச் செய்தார்கள். வாளின் அலகையே கையுறையால் பற்றி ஈட்டி போலக் குத்தினார்கள். கீழே விழுந்தவரின் அக்குளிலோ முகமூடியின் இடுக்கிலோ குத்துவாளை இறக்கினார்கள். ரோபோவுக்கும் அக்குள் உண்டு: மூட்டுகள், உணர்விகள், வெப்பத்தை வெளியேற்றும் தகடுகள், பீரங்கியின் குழாய். இவற்றைக் கவசத்தால் முழுக்க மூடவே முடியாது.

இடிமுனையின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1893 ஜூன் 22 அன்று பயிற்சியின்போது பிரிட்டனின் கேம்பர்டவுன் என்ற கப்பல் தன் சொந்தக் கடற்படையின் விக்டோரியா மீது தவறுதலாக மோதி அதை மூழ்கடித்தது; 358 பேர் இறந்தார்கள். நெருங்கிச் சண்டையிடும் ஆயுதம் தன் பக்கத்தவரையும் காயப்படுத்தும். நெரிசலான தெருவில் மூன்று ரோபோக்கள் அருகருகே நிற்கும்போது கோடரி வீசினால் என்ன ஆகும் என்பதையும் உங்கள் விளையாட்டு கணக்கில் எடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கவிழ்ப்பதற்காக அடிப்பது என்ற எண்ணமே எங்களுக்கு இதுவரை தோன்றவில்லை. ஒரு துணைக் கேள்வி. நண்பர் இப்போது சற்று இறங்கிவந்து, கோடரிக்குப் பதில் கவசத்தை உருக்கி வெட்டும் ஒளிவாள் கொடுத்தால் இயற்பியல் சிக்கலே இருக்காதே என்கிறார். அது சரியான வழியா?

மறுமொழி 3

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரங்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒளிவாள் பற்றி முதலில். எஃகை அறை வெப்பநிலையிலிருந்து உருக்கக் கிலோவுக்கு ஏறத்தாழ 1.3 மெகாஜூல் வேண்டும். 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள கவசத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு, 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வெட்டுப் போட்டால், 15 கிலோவுக்கு மேற்பட்ட எஃகு உருக வேண்டும், 20 மெகாஜூல். அரை நொடியில் வெட்டி முடிக்க 40 மெகாவாட் திறன் தேவை. 1,500 குதிரைத்திறன் கொண்ட டாங்கி எஞ்சின்கள் முப்பத்தைந்துக்கும் மேல் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். உங்கள் உலகில் அத்தகைய மின்மூலம் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அது இருந்தால் அதே மின்சாரத்தைத் தொலைவிலிருந்து பாய்ச்சும் பீரங்கி ஏன் இல்லை என்று உங்கள் நண்பரே அடுத்த வாரம் கேட்பார்.

என் பார்வையில் நம்பத்தகுந்த நெருக்கச் சண்டை வாள்வீச்சு அல்ல, பிடியும் நெரிப்பும்தான். 350 பார் அழுத்தத்தில் இயங்கும், 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் 110 டன் எடைக்குச் சமமான விசையைத் தருகிறது. கட்டடங்களை இடிக்கும் இயந்திரங்களின் கத்தரித் தாடைகள் இரும்பு உத்திரங்களைக் கடித்துத் துண்டாக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். விசைக்குப் பஞ்சமே இல்லை, வேகம்தான் கிடைக்காது. எண்ணெய் குழாயில் பாய்ந்து சிலிண்டரை நிரப்ப நேரம் பிடிக்கும். ஆகவே எதிரியின் பீரங்கிக் குழாயைப் பற்றி வளைப்பது, முழங்கால் மூட்டைக் கவ்வி இறுக்குவது, தோளோடு தோள் முட்டிச் சுவரில் சாய்த்து அழுத்துவது ஆகியவை எல்லாம் இன்றைய தொழில்நுட்பத்தின் நீட்சியாகவே தோன்றும். பிடித்துவிட்ட தூரத்தில் நீண்ட பீரங்கியைத் திருப்பிக் குறிபார்க்கவும் முடியாது என்பதால், அங்கே கைதான் ஆயுதம்.

நிஜத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2017இல் அமெரிக்காவின் மெகாபாட்ஸ் குழுவும் ஜப்பானின் சுய்தோபாஷி குழுவும் ஆள் அமர்ந்து ஓட்டும் ரோபோக்களை மோதவிட்டு, படம்பிடித்து வெளியிட்டன. முதல் சுற்றில் ஜப்பானிய ரோபோ நேராக ஓடிவந்து முஷ்டியால் தள்ளியதும் அமெரிக்க ரோபோ மல்லாந்து விழுந்தது. எதுவும் துளைக்கப்படவில்லை, எதுவும் வெட்டப்படவில்லை. முதல் மறுமொழியாளர் கணக்குப் போட்டுக் காட்டியது அப்படியே கண்முன் நடந்தது.

மறுமொழி 4

சண்டை முறைகளை வடிவமைப்பதே என் தொழில். மேலே உள்ளவற்றை விதிகளாக மாற்றுவது எப்படி என்று மட்டும் பார்ப்போம்.

பீரங்கியின் சேதத்தைக் குறைக்காதீர்கள். பலரும் முதலில் செய்யும் தவறு அது. விளையாடுபவர் பீரங்கி பொம்மையாகிவிட்டதை உடனே உணர்ந்துவிடுவார். அதற்குப் பதிலாகப் பார்வைத் தூரத்தைக் குறையுங்கள். இடிந்த நகரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தெருமுனையில் எதிரி தென்படும் தூரம் 150 மீட்டர் என்றால் அதைக் கடக்க 9 நொடிகள் போதும். இரண்டு குண்டுகளைத் தாங்கினால் போய்ச் சேரலாம். 1979இல் தொடங்கிய கண்டாம் என்ற ஜப்பானிய அசைவூட்டத் தொடரை உருவாக்கியவர்கள் ரேடாரையும் வானொலித் தொடர்பையும் செயலிழக்கச் செய்யும் ஒரு கற்பனைத் துகளைப் புகுத்தினார்கள். தொலைவிலிருந்து வழிகாட்டி ஏவும் ஆயுதங்கள் பயனற்றுப் போனதால்தான் அங்கே ரோபோக்கள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்று மோதிக்கொள்கின்றன. அவர்கள் வாளுக்கு நியாயம் தேடவில்லை, தூரத்தை ஒழித்தார்கள்.

அடுத்தது வெப்பம். பேட்டில்டெக் என்ற ரோபோப் போர் விளையாட்டின் உலகில் சுடும் ஆயுதங்களில் ஏறத்தாழ எல்லாமே ரோபோவைச் சூடாக்கும். அளவு மீறினால் அது தானே நின்றுவிடும். உதைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் மேசை விளையாட்டு விதிகளில் குத்தின் சேதம் ரோபோவின் எடையில் பத்தில் ஒரு பங்கு, உதையின் சேதம் ஐந்தில் ஒரு பங்கு. 100 டன் ரோபோ உதைத்தால் 20 புள்ளிகள். அந்த உலகின் மிகக் கனமான வழக்கமான பீரங்கி தருவதும் அதே 20தான். எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று உண்டு: உதை பட்டால் எதிரி விழாமல் இருக்கப் பகடை உருட்ட வேண்டும்; உதை தவறினால் உதைத்தவர் உருட்ட வேண்டும். முதல் மறுமொழியில் சொன்ன ‘ஒரு கால் காற்றில்’ என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2018இல் வந்த அதன் கணினி வடிவத்தில், வேகமாக நகர்ந்து குண்டுகளைத் தவிர்க்கும் எதிரிக்கு அந்தப் பாதுகாப்பு நெருக்கச் சண்டையில் செல்லாது. சுட்டுப் பிடிக்க முடியாதவரை அடித்து வீழ்த்தலாம் என்பதால், கனமான ரோபோவுக்கு அருகில் வர இலேசான ரோபோ உண்மையிலேயே அஞ்ச வேண்டும்.

லிஸ்ஸாவின் பாடத்தை 2023இல் வெளிவந்த, ஆர்மர்ட் கோர் என்ற ரோபோ வீடியோ கேமின் ஆறாம் பாகம் தன் மையத்திலேயே வைத்திருக்கிறது. குண்டுகள் தொடர்ந்து பட்டால் எதிரியின் தடுமாற்ற அளவு நிரம்பும். நிரம்பியதும் அது சற்று நேரம் அசையாமல் நிற்கும். அப்போது விழும் அடிக்கு வலிமை கூடும். ஒளிவாளும், கனத்த ஆணியை அறைந்து இறக்கும் ஆயுதமும் அந்தச் சில நொடிகளுக்காகவே காத்திருக்கின்றன. உங்கள் கோடரியையும் அங்கேதான் வைக்கச் சொல்வேன். ஆனால் அதில் ஒரு மாற்றம் செய்யுங்கள்: அளவு நிரம்பும் வரை காத்திருக்கச் செய்யாமல், எதிரி ஓடும்போதோ திரும்பும்போதோ அடித்தால் பாதி அளவிலேயே விழும்படி செய்யுங்கள். அப்போது விளையாடுபவர் எதிரியின் உயிர்ப்பட்டையைப் பார்க்கமாட்டார், கால்களைப் பார்ப்பார். ராட்சத ரோபோ என்ற உணர்வு அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி 5

எல்லாரும் கோடரிக்கு நியாயம் தேடுகிறீர்கள். கால்களுக்கு நியாயம் எங்கே? யோகோஹாமாவில் 2020 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை நின்ற 18 மீட்டர் உயர கண்டாம் ரோபோ சுமார் 25 டன் எடைதான். அதுகூடத் தன் காலில் நிற்கவில்லை, இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்திருந்தது. கவிழ்க்கலாம் என்பது கோடரிக்குச் சாதகமான வாதம் மட்டுமா? கவிழக்கூடிய போர் இயந்திரத்தை எவரும் கட்டமாட்டார் என்பதற்கும் அதுவே சான்று. அதே 50 டன்னைச் சங்கிலிச் சக்கரத்தில் தாழ்வாக வைத்தால் உங்கள் கோடரியால் அதை அசைக்கக்கூட முடியாது.

மறுமொழி 1 எழுதியவர்

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. திறந்த வெளியில் டாங்கிதான் வெல்லும். ஆனால் கால்களை ஏற்றுக்கொண்டுவிட்ட பிறகு எது இயல்பாகத் தொடரும் என்பதே இங்கே கேள்வி. மூன்று மாடி உயர இடிபாடுகள் மேல் ஏறிக் கடக்க வேண்டியிருப்பதால்தான் கால்கள் என்று கதையில் ஒரு காரணம் சொல்லிவிட்டால், கால் இருக்கும் இயந்திரத்துக்கு உதை இலவசமாகவே கிடைக்கிறது. தனியாக எடை கூட்ட வேண்டியதில்லை, குண்டு தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. எந்த ஓட்டுநரும் அதைப் பயன்படுத்தாமல் விடமாட்டார்.

கேள்வி கேட்டவர்

நேற்று இரவு நண்பரும் நானும் மூன்று மாற்றங்களை மட்டும் செய்து பார்த்தோம். பார்வைத் தூரத்தை 150 மீட்டராகக் குறைத்தோம். கோடரி வீச்சின் கால அளவை ஏறத்தாழ மூன்று மடங்காக நீட்டினோம். நடக்கும் ரோபோ அடி வாங்கினால் விழும்படியும், வீச்சு தவறினால் வீசியவரே தடுமாறும்படியும் மாற்றினோம். ஆறு ஆட்டங்கள் ஆடினோம். நான்கில் கோடரி பயன்பட்டது. ஐந்தாவது ஆட்டத்தில் நண்பர் நான் சந்தில் திரும்பும்வரை சுடாமல் காத்திருந்து, என் இடது கால் உயர்ந்த நேரம் பார்த்துத் தோளில் அடித்தார். என் ரோபோ ஒரு கட்டடத்தின் மேல் மல்லாந்து சாய்ந்தது.

விழுந்த ரோபோ எழுந்திருக்க எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதில்தான் இப்போது எங்களுக்குள் வாதம். அவர் மூன்று நொடிகள் என்கிறார். 50 டன் எடையை 8 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டியிருப்பதால் பத்து நொடிகளாவது வேண்டும் என்கிறேன் நான். ஹைட்ராலிக் இயந்திரங்களோடு வேலை செய்யும் நண்பர் இதற்கும் ஒரு கணக்குச் சொன்னால் உதவியாக இருக்கும்.